ஓட்டு அங்கே, வேலை இங்கே

கம்பெனிச் சட்டம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் வேறு பக்கம் போக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இது வக்கீல்களுக்கும் கம்பெனி செகரட்டரிகளுக்கும் மட்டுமான சங்கதி இல்லை. புனே, பெங்களூரு, ஹைதராபாத் என்று ஊர் விட்டு ஊர் வந்து, ஏதோ ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் இந்தியக் கிளையில் சம்பளம் வாங்கி, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களின் அரிசி பருப்பு சங்கதி.

நான் வக்கீல் இல்லை. புனேயில் ஒரு ஜெர்மன் எஞ்சினியரிங் கம்பெனியின் கிளையில் சாஃப்ட்வேர் வேலை. மூன்று வருடமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஐரோப்பியக் கம்பெனிச் சட்டத்தைப் படித்துவருகிறேன். "எதுக்கு மாமா இந்த வேண்டாத வேலை? அந்த நேரத்துல ஏதாவது க்ளவுட் சர்டிஃபிகேட் வாங்கலாமே" என்று மச்சினன் கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். நம் வேலை இருக்குமா போகுமா என்பதை முடிவு செய்யும் மேஜையில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதை அந்த நாட்டுச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அந்த மேஜையில் ஊழியர்களுக்கும் இடம் உண்டு. ஆனால் நமக்குக் கிடையாது. இது தெரியாமலே நம்மில் பலர் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டையர் ஆகிவிடுகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. 'ஐரோப்பியக் கம்பெனிச் சட்டம்' என்று ஒரே ஒரு புத்தகம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும் தனித்தனிச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேலே ஒன்றியத்தின் பொது விதிகள்: கம்பெனிப் பதிவேடு எப்படி இருக்க வேண்டும், எல்லை தாண்டி இரண்டு கம்பெனிகள் எப்படி இணையலாம், வரவு செலவுக் கணக்கை எப்படி வெளியிட வேண்டும் என்பது மாதிரி. இவை இரண்டும் முட்டிக்கொள்ளும்போது லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் பஞ்சாயத்து பண்ணும்.

பஞ்சாயத்துக்கு ஒரு உதாரணம், 1999-இல் தீர்ப்பான சென்ட்ரோஸ் வழக்கு. டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு தம்பதி கம்பெனி ஆரம்பிக்க வேண்டும். அங்கே குறைந்தபட்ச மூலதனம் 2 லட்சம் குரோனர். இங்கிலாந்திலோ அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. அங்கே வெறும் 100 பவுண்டு மூலதனத்தில் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டு, டென்மார்க்கில் கிளை மட்டும் திறக்கிறோம் என்று விண்ணப்பம் போட்டார்கள். டென்மார்க் அதிகாரிகள் மறுத்தார்கள். நீதிமன்றம் தம்பதி பக்கம் நின்றது. எந்த நாட்டுச் சட்டம் வசதியோ அங்கே பதிவு செய்வது தன்னளவில் குற்றம் ஆகாது என்றது. அதன் பிறகு ஜெர்மானியர்களும் இங்கிலாந்தில் கம்பெனி பதிவு செய்ய வரிசை கட்டினார்கள். 25,000 யூரோ கேட்டுக்கொண்டிருந்த ஜெர்மனி, 2008-இல் ஒரு யூரோவில் தொடங்கக்கூடிய புது வகைக் கம்பெனியைக் கொண்டுவந்தது. (நம் நாட்டிலும் பிரைவேட் லிமிடெட்டுக்கு ஒரு லட்ச ரூபாய் மூலதனம் என்றிருந்ததை 2015-இல் எடுத்துவிட்டார்கள்.)

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். கம்பெனிகள் சட்டத்தை நன்றாகப் படிக்கின்றன. படித்துத் தங்களுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கின்றன. படிக்காமல் இருப்பது அங்கே வேலை பார்க்கும் நாம்தான்.

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். அங்கே பெரிய பங்குக் கம்பெனிகளுக்கு இரண்டு குழுக்கள். அன்றாடம் கம்பெனியை நடத்துவது நிர்வாகக் குழு. அந்த நிர்வாகக் குழுவை நியமிப்பதும், தேவைப்பட்டால் வீட்டுக்கு அனுப்புவதும் மேற்பார்வைக் குழு. ஜெர்மனில் ஆஃப்ஸிக்ட்ஸ்ராட் என்பார்கள். ஒரே ஆள் இரண்டு குழுவிலும் இருக்க முடியாது. மேனேஜிங் டைரக்டரும் போர்டு தலைவரும் ஒருவரே என்ற பேச்சுக்கே இடமில்லை.

விசேஷம் அந்த மேற்பார்வைக் குழுவில்தான். ஜெர்மனியில் 500 பேருக்கு மேல் வேலை செய்தால் குழுவில் மூன்றில் ஒரு பங்கு இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. 2,000 பேருக்கு மேல் என்றால் சரி பாதி. இந்தப் பாதி, 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. 20,000 பேருக்கு மேல் இருந்தால் இருபது பேர் கொண்ட குழு, பத்துப் பேர் பங்குதாரர் பக்கம், பத்துப் பேர் ஊழியர் பக்கம். ஓட்டு சமமாக விழுந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு, தலைவர் நடைமுறையில் பங்குதாரர் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார். ஆக, கடைசிப் பிடி முதலாளி கையில்தான். இருந்தாலும் நாட்டையே பார்க்கும் ஒரு பெரிய கம்பெனியின் தலைவரை நியமிக்கும்போது, அசெம்பிளி லைனில் நின்றவரும் கை தூக்குகிறார் என்பது சின்ன விஷயமா? இது சொத்துரிமையில் கை வைக்கிறது என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1979-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பெட்ரீப்ஸ்ராட் என்னும் ஊழியர் மன்றம். இது கம்பெனிச் சட்டத்தில் இல்லை, தொழிலாளர் சட்டத்தில் வருகிறது. ஐந்து ஊழியர் இருக்கும் இடத்திலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மன்றம் இருக்கும் இடத்தில், அதன் கருத்தைக் கேட்காமல் ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் அந்த நீக்கமே செல்லாது. கூட்டமாக ஆட்குறைப்பு என்றால் யாருக்கு எவ்வளவு இழப்பீடு, யாருக்கு மறுபயிற்சி என்று உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. 2024-இல் ஃபோக்ஸ்வாகன் ஜெர்மன் தொழிற்சாலைகளை மூடப் போவதாகப் பேச்சு எழுந்தது. அந்தக் கம்பெனிக்கென்றே 1960 முதல் ஒரு தனிச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையைத் திறக்கவோ இடம் மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பாதி இடம் ஊழியர்களிடம் இருக்கும்போது அவர்களை மீறி எப்படி நடக்கும்? டிசம்பரில் உடன்பாடு வந்தது. 2030-க்குள் 35,000-க்கும் மேற்பட்ட வேலைகள் குறையும், ஆனால் ஓய்வு, விருப்ப விலகல் வழியாக. பெரிய தொழிற்சாலைகளை மூடவில்லை. டிரெஸ்டனில் மட்டும் 2025 இறுதியில் கார் தயாரிப்பு நின்றது.

இன்னொரு கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிற்சாலை 2022 நடுவிலேயே நின்றுவிட்டது. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதே ஃபோர்டு, ஜெர்மனியில் ஸார்லூயிஸ் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலைக்கு அடுத்த கார் கிடையாது என்று 2022 ஜூனில் முடிவெடுத்தது. ஆனால் அங்கே கடைசி கார் வெளியே வந்தது 2025 நவம்பரில். ஃபோர்டு அமெரிக்கக் கம்பெனிதான், ஆனால் அதன் ஜெர்மன் கிளை ஜெர்மன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த மாடலின் ஆயுள் போன்ற வேறு காரணங்களும் உண்டு, எல்லாமே சட்டத்தின் மகிமை என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கடைசியில் மூடத்தான் மூடினார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மூன்று வருட அவகாசம் என்பது பெரிய விஷயம். பத்தாவது படிக்கும் பையன் பன்னிரண்டாவதை முடித்துவிடுவான்.

எங்கள் கிளையில் 2023-இல் நடந்ததையும் சொல்கிறேன். புனேயிலும் ஜெர்மனியிலுமாகப் பிரிந்திருந்த ஒரு டீமைக் கலைத்தார்கள். இங்கே காலை பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங் அழைப்பு வந்தது. சாயங்காலம் லேப்டாப்பை ஒப்படைத்தாயிற்று. அதில் ஒருவர் மதுரைக்காரர், ஒன்பது வருட சர்வீஸ், மனைவி எட்டு மாத கர்ப்பம். அதே டீமின் ஜெர்மன் பாதிக்கு அடுத்த ஆண்டு வரை பேச்சுவார்த்தை நடந்தது. பாதிப் பேருக்கு வேறு டிபார்ட்மென்டில் இடம் கிடைத்தது. ஒரே கோட், ஒரே மேனேஜர், ஒரே தப்பு ஒப்பு. சட்டம் மட்டும் வேறு. அந்த ஜெர்மன் சகாக்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது யாரோ போட்ட பிச்சை இல்லை, கேட்டு வாங்கிய உரிமை. ஆனால் அது ஏன் புனே வரை வரவில்லை என்ற கேள்விதான் என்னைப் புத்தகத்தை எடுக்க வைத்தது.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. மேற்பார்வைக் குழுத் தேர்தலில் ஜெர்மனியில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. இது நியாயமில்லை என்று டூயி என்ற சுற்றுலாக் கம்பெனியின் பங்குதாரர் ஒருவர் வழக்குப் போட்டார். அந்தக் குழுமத்துக்கு ஜெர்மனியில் சுமார் 10,000 ஊழியர்கள், ஒன்றியத்தின் மற்ற நாடுகளில் சுமார் 40,000 பேர். நாற்பதாயிரம் பேருக்கு ஓட்டில்லை, பத்தாயிரம் பேருக்கு உண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூலையில் என்ன சொன்னது தெரியுமா? ஜெர்மன் சட்டத்தில் தவறில்லை என்றது. பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரருக்கே இந்த கதி என்றால், ஹிஞ்சேவாடியில் உட்கார்ந்திருக்கும் நமக்கு என்ன?

'ஐரோப்பியக் கம்பெனி' என்று ஒரு தனி வடிவம் உண்டு. பெயருக்குப் பின்னால் எஸ்.இ. என்று போட்டுக்கொள்வார்கள். அலியான்ஸ், எஸ்ஏபி, ஏர்பஸ் எல்லாம் அப்படித்தான். 1970-இல் முன்மொழிந்து, முப்பது வருடம் இழுத்து, 2004 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இழுத்ததற்கு முக்கியக் காரணமே, ஊழியர்களுக்கு எவ்வளவு இடம் என்ற சண்டைதான். கடைசியில், கம்பெனியும் ஊழியர்களும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். இதில் பிற ஐரோப்பிய நாட்டு ஊழியர்களுக்கும் இடம் கிடைத்தது, அது முன்னேற்றம். ஆனால் எஸ்.இ. ஆகும் நாளில் எவ்வளவு ஊழியர் பங்கு இருந்ததோ அது பெரும்பாலும் அப்படியே உறைந்துவிடும். 2,000 பேரைத் தொடுவதற்கு முன்பே எஸ்.இ. ஆகிவிட்டால், பிற்பாடு எவ்வளவு வளர்ந்தாலும் பாதி இடம் தர வேண்டியதில்லை. நான் மேலே சொன்னேனே, கம்பெனிகள் நன்றாகப் படிக்கின்றன என்று. :-)

இந்த வடிவத்திலும் இந்தியாவுக்கு இடமில்லை. ஐரோப்பிய ஊழியர்களோடு எல்லைக்கோடு முடிந்துவிடுகிறது. 2024-இல் நாஸ்காமும் ஜின்னோவும் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தியாவில் பன்னாட்டுக் கம்பெனிகளின் 1,700-க்கும் மேற்பட்ட சொந்த மையங்களில் சுமார் 19 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். இத்தனை பேர் மூளையைக் கொடுக்கலாம், கை தூக்க முடியாது.

இதற்கு நண்பர்கள் இரண்டு மறுப்புச் சொல்வார்கள். ஒன்று, "ஊழியர் உட்கார்ந்தால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடுமா?" ஆகாது. ஃபோக்ஸ்வாகனில் பாதி இடம் ஊழியர்களுக்கு இருந்தும் 2015-இல் டீசல் புகை மோசடி வெடித்தது. அதற்கும் பத்து வருடம் முன்பு, அதே கம்பெனியில் ஊழியர் மன்றத் தலைவர்களுக்கே கம்பெனிச் செலவில் உல்லாசப் பயணம் என்ற ஊழல் வெளிவந்து, வழக்கு தண்டனை வரை போனது. மேஜையில் உட்கார்ந்தவன் எல்லாம் யோக்கியன் இல்லை. ஆனால் அதற்காக மேஜையே வேண்டாம் என்பது, எம்.எல்.ஏ. சரியில்லை என்று ஓட்டுரிமையை வேண்டாம் என்பது மாதிரி.

இரண்டாவது, "இதெல்லாம் கேட்டால் கம்பெனி வியட்நாமுக்கோ போலந்துக்கோ போய்விடும்." இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நானும் இ.எம்.ஐ. கட்டுகிறவன்தான். ஆனால் ஒன்று யோசியுங்கள். நாம் வாயைத் திறக்காமல் இருந்த வருடங்களில் மட்டும் யாரும் போகாமல் இருந்தார்களா? போகிறவன் கணக்குப் போட்டுப் போகிறான். நம் மௌனத்துக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி கூடக் கிடையாது.

சரி, படித்து என்ன செய்வது? ஜெர்மன் ஓட்டு நமக்குக் கிடைக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் நம் சட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். நம்மைப் போன்றவர்களின் முதலாளி பெரும்பாலும் ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ இல்லை. ஆஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது ஒரு இந்தியப் பிரைவேட் லிமிடெட். அதற்கென்று ஒரு போர்டு உண்டு. அதில் குறைந்தது ஒரு டைரக்டராவது வருடத்தில் 182 நாள் இந்தியாவில் இருப்பவராக இருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு, டைரக்டர்கள் பங்குதாரர் நலனோடு கம்பெனியின் ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் நலனையும் கருதி நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும் என்கிறது. நம் அரசியல் சாசனத்தில் 1976-இல் சேர்த்த 43-ஏ பிரிவு, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்புக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்றே சொல்கிறது. ஜெர்மனி பாதி இடம் கொடுத்த அதே 1976! அவர்கள் சட்டமாக்கினார்கள், நாம் வழிகாட்டும் கொள்கை என்று பூஜை அறையில் வைத்துவிட்டோம். நூறு தொழிலாளர் இருக்கும் இடத்தில் இரு தரப்பும் உட்காரும் குழு அமைக்கலாம் என்று நம் தொழிலாளர் சட்டம் 1947 முதல் சொல்லிவருகிறது. ஐடி பூங்காவில் எத்தனை பேர் அப்படி ஒரு குழுவைப் பார்த்திருக்கிறீர்கள்? ஐடிக்காரர் 'தொழிலாளி'யா என்ற வாதம் வேறு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

உடனே கொடி பிடிக்கச் சொல்லவில்லை. மூன்று சின்ன வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் கம்பெனியின் கணக்கைப் படியுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் ஆவணங்களையும் பார்க்கலாம். ஜெர்மன் தாய்க் கம்பெனியின் பதிவேடு 2022 ஆகஸ்ட் முதல் இலவசம். பல இந்தியக் கிளைகள் செலவோடு ஒரு சிறு சதவீதம் சேர்த்துத் தாய்க் கம்பெனிக்கு பில் போடுகின்றன. அப்படிப்பட்ட கிளையின் லாபம் நஷ்டம் எல்லாம் தலைமையகம் போடும் கோலம். "கிளை நஷ்டத்தில் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்பதாவது தெரியும்.

இரண்டு, உங்கள் கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் ஊழியர் பிரதிநிதிகள் யார் என்று பாருங்கள். பெயர்கள் ஆண்டறிக்கையிலேயே இருக்கும். ஃபோக்ஸ்வாகன், டைம்லர் போன்ற குழுமங்களில் உலகளாவிய ஊழியர் மன்றங்கள் உருவானது சட்டத்தால் அல்ல, ஊழியர்கள் கேட்டு, கம்பெனி ஒப்புக்கொண்டதால். ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 முதல் பெரிய கம்பெனிகளுக்குப் புகார் வழி ஒன்றைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டுக் கிளையில் இருப்பவரும் அதில் புகார் செய்யலாம். அறிக்கை தாக்கல் செய்யும் கடமையை நீக்க 2025-இல் அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்தது. ஒன்றிய அளவில் 2024-இல் வந்த இதே போன்ற சட்டத்தையும் 2025-இல் தள்ளிப் போட்டு, சுருக்கவும் முனைந்தார்கள். பல் முளைக்கும் முன்பே பிடுங்கப் பார்க்கிறார்கள், ஆகவே இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்று, பிள்ளைகள். சனிக்கிழமையானால் மாக்ஸ் முல்லர் பவனுக்கு ஸ்கூட்டரில் கொண்டு விடுகிறோம். ஏ1, ஏ2, பி1 என்று படி ஏற்றுகிறோம். அந்த மொழியில் 'உரிமை' என்பதற்கு என்ன வார்த்தை என்று கற்கிற பிள்ளை, அந்த உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்துக் கற்கட்டும். சட்டமோ சி.எஸ். படிப்போ எடுக்கும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்தால் இன்னும் நல்லது. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஊழியர் பக்கம் உட்கார்ந்து சட்டம் பேச ஆள் குறைவு.

கம்பெனி என்பது பங்குதாரர் சொத்து மட்டும்தான் என்பது இயற்கை விதி இல்லை. அது ஒரு நாடு எடுத்த முடிவு. வேறொரு நாடு வேறு முடிவெடுத்து ஐம்பது வருடமாகக் கார் தயாரித்து விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. மச்சினனுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான். க்ளவுட் சர்டிஃபிகேட்டும் வாங்கப்பா, வேண்டாம் என்று சொல்லவில்லை.

உங்கள் கம்பெனியில் எப்படி? டச்சு, பிரெஞ்சு, ஸ்வீடன் கம்பெனிகளில் இருப்பவர்கள் அங்கே என்ன நடைமுறை என்று எழுதினால் எல்லோருக்கும் உபயோகமாக இருக்கும்.